வாடகை டெக்கா, கையில் இருக்கும் செல்போனா?
எண்பதுகளில் பாளையங்கோட்டை பக்கம் கல்யாண வீடு என்றால் டிவியும் டெக்கும் (வீடியோ கேசட் போட்டுப் படம் ஓட்டும் பெட்டி) வாடகைக்கு வரும், விடிய விடிய மூன்று படம், தெருவே பாய் விரித்து உட்காரும், படம் கோடு கோடாக இழுத்தால் அண்ணன் கேசட்டை எடுத்து டெக்குக்குள் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்துப் போடும்வரை ஒருத்தரும் எழுந்து போகமாட்டார்கள்.

செல்போனில் நினைத்த நேரம் நினைத்த படம். வசதி இதில்தான், சந்தேகமே இல்லை. காது மந்தமான அம்மா கீழே வரும் எழுத்தைப் படித்தே முழுப் படமும் பார்த்துவிடுகிறாள், டெக்கில் அது நடந்திருக்காது.

ஆனால் சேர்ந்து பார்க்க எனக்கு டெக்தான். இப்போது வீட்டில் நாலு பேர், நாலு செல்போன், நாலு இயர்போன். அதனால் ஞாயிறு ராத்திரி மட்டும் எல்லோரும் பெரிய டிவி முன்னால் உட்காருகிறோம், பாயும் உண்டு.