புரொபேட்டா, விடுதலைப் பத்திரமா? குமரி மாவட்டத்துக்கு ஒரு செலவுக் கணக்கு

உயில் எழுதி வைத்தவர் இறந்து காரியமெல்லாம் முடிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "புரொபேட் வாங்க வக்கீல் எவ்வளவு கேட்பார்?" என்பதுதான். அதைவிட முந்திய கேள்வி ஒன்று உண்டு. உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்றான புரொபேட் நமக்கு வேண்டுமா?

குமரி மாவட்டத்து இந்துக்களின் சொத்துக்கு அது கட்டாயமாக இருந்ததே இல்லை எனலாம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 213ஆம் பிரிவில் இந்துக்களுக்குப் போட்ட கட்டாயம் சென்னை, மும்பை, கொல்கத்தா வட்டாரத்து உயில்களுக்கும் அங்குள்ள சொத்துகளுக்கும்தான். முஸ்லிம்களை அந்தப் பிரிவு தொடவில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002இல் விலக்கு வந்தது. 2025 டிசம்பரில் அந்தப் பிரிவையே நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. ஆகவே "புரொபேட் இல்லாமல் உயில் செல்லாது" என்று யாராவது சொன்னால், எந்தச் சட்டப்படி என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கட்டாயம் இல்லை, சரி. ஆனால் நாளை நிலத்தை விற்கப் போனால் வாங்குகிறவரின் வக்கீல் விடமாட்டார். வீட்டுக்கடன் கேட்டால் பேங்கின் லீகல் ஒப்பீனியன் விடாது. "மற்ற வாரிசு ஏதாவது சொன்னால்?" என்பார்கள். அந்த வாயை அடைக்கத்தான் விடுதலைப் பத்திரம், புரொபேட் என்ற இரண்டு வழிகள் போட்டி போடுகின்றன.

கருங்கல் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அம்மா முன்பே போய்விட்டார். அப்பா தென்னந்தோப்பையும் வீட்டையும் உயிலில் இளையவருக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அண்ணன் துபாயில். அண்ணனுக்கு மனத்தாங்கல் இல்லை என்றால், தன் பங்கை விட்டுக்கொடுத்து அவர் எழுதும் விடுதலைப் பத்திரம் போதும். 2023 ஜூலை முதல் தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சம் 10,000. விட்டுக்கொடுக்கும் பங்கு 12 லட்சம் மதிப்பென்றால் முத்திரை 12,000, பதிவு 10,000. இதற்கு மேல் பத்திரம் எழுதும் கூலி. வக்கீலை வைத்து எழுதினாலும் அது ஒரு பத்திரத்துக்கான கூலிதான், வருஷக்கணக்கில் நீளாது. அண்ணன் லீவில் வரும்போது சப்-ரிஜிஸ்தர் ஆபீஸில் ஒரே நாளில் வேலை முடியும். வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அத்தாட்சி செய்த பவர் பத்திரம் அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை வைத்தாக வேண்டும். இதைத் தவறவிட்டு மறுபடி துபாய்க்குப் பேப்பர் அனுப்புகிறவர்கள் உண்டு.

இனி புரொபேட். மனு போவது நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்துக்கு. வக்கீல் ஃபீஸ் என்று நாம் கேட்கும் தொகை மொத்தச் செலவில் ஒரு துண்டுதான். சொத்து மதிப்பைப் பொறுத்த கோர்ட் கட்டணம் தனி. நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கான பேட்டா தனி. பேப்பரில் விளம்பரம் போடச் சொன்னால் அது தனி. நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு செலவும் இருக்கிறது: 1956 வரை திருவிதாங்கூர் - கொச்சியில் இருந்த ஊர் என்பதால், விளவங்கோடு, கல்குளம் பக்கத்து முன்பத்திரங்கள் பல மலையாளத்தில் கிடக்கும். அவற்றை மொழிபெயர்த்து வைக்க வேண்டும். பழைய சர்வே எண்ணும் ரீசர்வே எண்ணும் ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த வேலையில் பழகிய நாகர்கோவில், குழித்துறை வக்கீல் ஒருவர், பெரிய பெயருள்ள வெளியூர் வக்கீலைவிடப் பல மடங்கு உபயோகம். வெளியூர்க்காரருக்கு நீங்கள் பஸ், லாட்ஜ் செலவும் கொடுத்து, பத்திரத்தில் உள்ள எல்லைகளையும் விளக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் கோர்ட்டில் நடப்பது. உயிலில் கையெழுத்துப் போட்ட இரண்டு சாட்சிகளில் உயிரோடிருக்கும் ஒருவராவது கூண்டில் ஏறி, "அவர் என் கண் முன்னால் கையெழுத்திட்டார், நானும் அவர் பார்க்கப் போட்டேன்" என்று சொல்ல வேண்டும். எண்பது வயதுக்காரர் என்றால் அவரைக் காரில் கூட்டிவந்து, வாய்தா தள்ளிப்போனால் மறுபடியும் கூட்டிவர வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் கோர்ட் சொல்வது உயில் உண்மையானது என்பதை மட்டும்தான். அந்த நிலம் அப்பாவுடையதுதானா என்ற கேள்விக்குள் புரொபேட் கோர்ட் போகாது. இது தெரியாமல், எல்லைத் தகராறுள்ள சொத்துக்கும் புரொபேட் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று நம்பிப் பணம் கட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

ஃபீஸ் பேசும் விதத்தில் மூன்று உண்டு. மொத்தமாக ஒரு தொகை, கட்டம் கட்டமாக, சொத்தில் சதவீதம். மூன்றாவதை உடனே தள்ளிவிடுங்கள். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. இங்கிலாந்தில் வேலை பார்க்கும் சொந்தக்காரர்கள் "இங்கே சொலிசிட்டர் சதவீதம்தானே வாங்குகிறார்" என்பார்கள். அது அங்கத்திய வழக்கம். அங்கே அரசுக் கட்டணம் மட்டும் கட்டி, சொலிசிட்டர் இல்லாமல் தாங்களே விண்ணப்பிப்பவர்களும் நிறையப் பேர்.

மொத்தத் தொகையா, கட்டமா என்றால் என் ஓட்டு கட்டத்துக்கு. மனு தாக்கல், சாட்சி விசாரணை, உத்தரவு என்று பிரித்துக்கொண்டு, யாராவது ஆட்சேபணை போட்டால் என்ன தொகை என்பதையும் முதலிலேயே எழுதி வாங்குங்கள். ஆட்சேபணை வந்துவிட்டால் மனு, வழக்காகவே நடக்கும், பழைய தொகைக்கு யாரும் வாதாடமாட்டார். புரொபேட் கிடைத்த ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒரு வருஷத்துக்குள் கணக்கும் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். மொத்தத் தொகை பேசுகிறவர்கள் மறக்கும் வேலை இதுதான்.

மனுதாரர் பெண் என்றால் வருமானம் எவ்வளவானாலும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்தால் வக்கீல் நியமிப்பார்கள். வேண்டிய வக்கீலை நாமே பொறுக்கி எடுப்பது இதில் கடினம். சச்சரவில்லாத உயிலுக்கு அது ஒரு குறையில்லை.

பேங்க் பணத்துக்காக மட்டும் புரொபேட் பக்கம் போக வேண்டாம். ரிசர்வ் வங்கி 2025இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, நாமினி இல்லாத கணக்கிலும் 15 லட்சம் வரை, கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரை, தகராறு இல்லையென்றால் கோர்ட் பேப்பர் கேட்காமல் எளிய முறையில் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் புரொபேட்டுக்குக் காசு போடுவது எப்போது நியாயம்? அண்ணன் கையெழுத்துப் போட மறுக்கும்போது. உயிலையே பொய் என்கிறபோது. அப்போது விடுதலைப் பத்திரம் என்ற பேச்சே இல்லை, சாட்சி உயிரோடிருக்கும்போதே மனு போடுவதுதான் புத்தி. காலவரம்பு மூன்று வருஷம் என்பதை உச்ச நீதிமன்றம் 2008இலேயே சொல்லிவிட்டது. திருவனந்தபுரத்தில் ஒரு ஃபிளாட்டும் இருக்கிறதென்றால் இன்னொரு விஷயம்: மாவட்ட நீதிமன்றம் தரும் புரொபேட், வெளி மாநிலச் சொத்து 10,000 ரூபாய்க்கு மேல் போனால் அந்த மாநிலத்தில் செல்லாது. அதற்கு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். மனு போட்ட பிறகு ஃபிளாட்டைப் பற்றிச் சொன்னால் இரண்டு கோர்ட்டுக்கும் செலவு செய்ய வேண்டி வரும் என்பதால், வக்கீலிடம் உட்காரும் முதல் நாளிலேயே அந்தச் சாவியையும் மேஜை மேல் வைத்துவிடுங்கள்.