பினாங்கு தண்ணீர்மலை: முதலில் பூங்கா, பிறகு படி

தண்ணீர்மலைக்குப் போகிறவர்களில் பலர் நேரே கோயில் படியேறி, கும்பிட்டு, இறங்கிப் போய்விடுகிறார்கள். நடக்கும் தொலைவிலேயே இருக்கும் தாவரவியல் பூங்காவுக்குள் நுழைவதில்லை. பாலதண்டாயுதபாணி முதலில் இருந்ததே அந்தப் பக்கத்து அருவியடியில்தான். நகரத்துக் குடிநீருக்காக ஆங்கிலேயர் அருவி நீரைத் தேக்க முனைந்தபோது கோயில் இடம் மாறி, 1915இல் மலைமேல் எழுந்தது. மலையின் பெயரிலேயே தண்ணீர் இருக்க, அந்தத் தண்ணீரைப் பார்க்காமல் திரும்பலாமா?

அருவி இன்று குடிநீர் நிறுவனத்தின் வளாகத்துக்குள் இருப்பதால் முன் அனுமதி வேண்டும். ஆனால் அதன் ஓடை பூங்காவின் ஊடே ஓடுகிறது. அங்கே கால்மணி நேரம் உட்கார்ந்தாலே மனம் அடங்கிவிடும். ஜார்ஜ் டவுன் நகர நடுவிலுள்ள கொம்தார் கட்டடத்திலிருந்து 10ஆம் எண் பேருந்து வாசல்வரை வரும். நுழைவு இலவசம். எட்டு மணிக்குமேல் போனால் வெயில் ஏறிவிடும், கூட்டமும் சேர்ந்துவிடும்.

1884இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் சார்லஸ் கர்ட்டிஸ் அமைத்த இந்தப் பூங்காவில் நாகலிங்க மரங்களைத் தவறவிடக் கூடாது. பூவைக் கிளை நுனியில் தேடினால் ஏமாறுவீர்கள். அடிமரத்திலிருந்தே தொங்கும் தண்டுகளில் பூக்கும். சிவந்த ஆறு இதழ், நடுவே லிங்கம், அதன்மேல் வளைந்து கவியும் பாம்புப் படம். கிட்டே குனிந்து பாருங்கள்: லிங்கத்தைச் சுற்றியுள்ள சிறு வளையத்தில் ஒரு வகை மகரந்தம், படத்தின் அடியில் இன்னொரு வகை. இந்தப் பூவில் தேன் கிடையாது. படத்திலுள்ள மகரந்தம் முளைக்காது, அது தேனீக்கான உணவு. அதை எடுக்க உள்ளே நுழையும் தேனீயின் முதுகில் வளையத்து மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். தென்னமெரிக்கக் காட்டில் பிறந்த மரத்தில் நம் சிவனை முன்னோர் கண்டுகொண்டார்கள் என்றால், அந்தக் கண்ணுக்கு எவ்வளவு பழக்கம் இருந்திருக்க வேண்டும்! பறிக்க வேண்டாம். பூ ஒரு நாள்தான் இருக்கும், உதிர்ந்ததை எடுத்தால் போதும். மரத்தடியில் நிற்கவும் வேண்டாம்: காய் பீரங்கிக் குண்டளவு பெரிது, கனமானதும்கூட. உடைந்தால் சதை நீலம் பாரித்து நாறும்.

குரங்குக்குத் தீனி போடத் தடை உண்டு, அது சரியான தடை. பழக்கப்பட்ட குரங்கு கையிலிருக்கும் அர்ச்சனைப் பையையும் பிடுங்கும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள கருங்குரங்கோ இலை தின்று மேலேயே இருக்கும். அதன் குட்டி பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். தாயின் மடியில் ஒரு தீக்கொழுந்து போலத் தெரியும்.

பூங்கா வாசலருகே தொடங்கும் ஜீப் பாதை பினாங்கு மலை உச்சிவரை 5 கிலோமீட்டருக்கு மேல், செங்குத்து. வழியில் '84' என்று எல்லாரும் சொல்லும் இளைப்பாறும் இடத்தில் தன்னார்வலர்கள் தேநீர் தருகிறார்கள். விலையில்லை, உண்டியலில் விரும்பியதைப் போடலாம். இதுவும் அன்னதானம்தான்.

கோயிலுக்கு 513 படி. வெறுங்காலில் வெயிலுக்கு முன்பே ஏறிவிடுங்கள், பிறகு கல் சுடும். முதல் நூறை வேகமாக ஏறுகிறவர்களுக்குத்தான் நடுவில் மூச்சு வாங்கும். ஏற முடியாதவர்கள் அடிவாரத்துப் பிள்ளையாரைத் தரிசிக்கலாம்.

தைப்பூசத்தில் வருவதானால் ஒரு எச்சரிக்கை. ரதம் வரும் வழியில் நம்மவர்களோடு சீனக் குடும்பங்களும் குவியல் குவியலாகச் சிதறுதேங்காய் உடைப்பார்கள். ஓட்டுச்சில்லு காலைக் கிழிக்கும், ஈரச் சாலை வழுக்கும். உடைத்த கையோடு ஓடாமல் ஓரமாக நில்லுங்கள், துப்புரவுத் தொழிலாளர்களுக்கு வழி விடுங்கள். காவடி வந்து சேருமுன் வெறுங்கால்களுக்காக அந்தச் சில்லுகளை வழித்துத் தள்ளுகிறார்கள் அவர்கள். சந்நிதிக்குப் போகுமுன்பே கிடைக்கும் தரிசனம் அது. ரதத்தையே பார்த்திருந்தால் தவறிவிடும்.