மண்டையோடா, இடுப்பெலும்பா?

வேலூரில் மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் எலும்புப் பெட்டியைத் திறந்ததும் முதலில் கையில் எடுப்பது மண்டையோட்டைத்தான். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் "இது ஆணா, பெண்ணா?" என்று கேட்டால் அதைப் பார்த்தே பதில் சொல்லப் பழகிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இடுப்பெலும்பு பக்கத்தில் இருக்கும்போது அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெண்ணின் இடுப்பு பிள்ளைப்பேற்றுக்கு வழிவிடும்படி அமைந்தது. மண்டையோட்டில் தெரிவதோ பெரும்பாலும் பருமனும் தசை பிடித்திருந்த தடமும்தான். அமெரிக்க மானுடவியலாளர் க்ராக்மன் கணக்கில் இடுப்பு மட்டும் இருந்தால் 95 சதவீதம் சரியாகச் சொல்லலாம், மண்டையோடு மட்டும் என்றால் 92. மூன்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் அவர் பார்த்ததில் ஆண் எலும்புகளே மிக அதிகம், அதனால் அந்த எண்களை அப்படியே நம்பிவிட முடியாது.

சரி, பாலாற்று மணலில் எலும்பு கிடைக்கிறது என்று வையுங்கள். இடுப்பின் முன்பகுதி மெல்லியது, சீக்கிரம் உடைந்துவிடும். கடைசியில் மிஞ்சுவது மண்டையோடு. அதைக் கண்ணால் பார்ப்பதா, காலிப்பரால் அளப்பதா?

கண்ணுக்கு ஐந்து இடங்கள்: புருவ மேடு, கண்குழியின் மேல் விளிம்பு, காதுக்குப் பின்னால் இருக்கும் மாஸ்டாய்டு என்ற எலும்புப் புடைப்பு, பிடரி மேடு, முகவாய். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 1 பெண் பக்கம், 5 ஆண் பக்கம். கண்குழி விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பெண்ணுக்குக் கூராக இருக்கும், ஆணுக்கு மழுங்கித் தடித்திருக்கும். இந்த ஒன்றைக் கை பழகிக்கொண்டால் படம் பார்த்துப் படித்ததைவிட நன்றாக நினைவில் நிற்கும். ஆனால் இளவயது ஆணின் புருவ மேடு மென்மையாக இருக்கலாம், வயதான பெண்ணுடையது தடித்திருக்கலாம். பருவமடையாத பிள்ளைகளிடம் இந்த ஐந்தும் உதவாது.

காலிப்பரால் அளப்பது துல்லியமானதாகத்தான் தோன்றும். ஆனால் அளவுகளை வைத்து ஆணா பெண்ணா என்று பிரிக்க 1963இல் ஜைல்ஸும் எலியட்டும் தந்த சூத்திரம் அமெரிக்க மண்டையோடுகளிலிருந்து வந்தது. நம் ஊர் ஆண்களின் மண்டையோடு பொதுவாக அவற்றைவிடச் சிறியது. ஆணையும் பெண்ணையும் பிரிக்க அது வைத்த அதே எல்லை எண்ணை இங்கே வைத்தால் ஆணைப் பெண் என்று எழுதிவிடுவோம். நம் மக்களை அளந்து போட்ட எல்லை கையில் இல்லாதவரை நான் கண்ணையும் விரலையும்தான் நம்புவேன்.

அப்புறம், தலை நீளமா உருண்டையா என்று பார்க்கும் அகல நீளக் குறியீட்டை இதோடு குழப்ப வேண்டாம். ஆங்கிலேயர் காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த தர்ஸ்டன் சாதி வாரியாகத் தலைகளை அளந்தாரே, அதே குறியீடுதான். அது ஆண் பெண் என்று பிரித்துக் காட்டாது, சாதியையும் காட்டாது.

ஐந்தில் மூன்று இடங்களுக்கு 3 என்று விழுந்தால் "நிர்ணயிக்க முடியவில்லை" என்றே எழுதுவேன். இடுப்பின் உடைந்த துண்டு ஏதாவது அகப்படுகிறதா என்று மணலை இன்னொரு முறை சலிக்கச் சொல்வேன்.