எட்டு மாதம் ஓடிய டேஷ்கேம்: முன்னால் ஒரு கார் தள்ளாடிப் போன ராத்திரியில் எதற்கு உதவியது, எதற்கு உதவவில்லை

டேஷ்கேம் என்பது கார் முன் கண்ணாடியில் மாட்டி, போகிற ரோட்டைப் பதிவு செய்கிற கேமரா. இது போன ஆனி மாதம் வாங்கியது. மெமரி கார்டும் மாட்டித் தருகிற கூலியும் சேர்த்து 6,400 ரூபாய் ஆனது. வாங்கக் காரணம் அதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்தது. மாங்காய் சீசன், கிருஷ்ணகிரி பக்கம் ராத்திரியானால் கூழ் ஃபேக்டரிகளுக்குப் போகிற டெம்போக்கள் வரிசைகட்டி நிற்கும், அதில் ஒன்று என் கார் கதவை முழு நீளத்துக்கும் உரசிவிட்டு நிற்காமல் போய்விட்டது. புகார் கொடுக்கப் போனால் முதல் கேள்வி, வண்டி நம்பர் என்ன. வெள்ளை டெம்போ என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், இனி கண்ணாடியில் ஒரு கண் இருக்க வேண்டும் என்று.

பிராண்டு பெயர் எழுதவில்லை. முன்பக்கம் மட்டும் பார்க்கிற, 1440பி தெளிவுள்ள கேமரா, வைஃபை உண்டு, ஜிபிஎஸ் கிடையாது. இந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன, அதனால் நான் சொல்லப்போவது வேறு பெயரில் வாங்கியவர்களுக்கும் பொருந்தும்.

பகலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முன்னால் போகிற வண்டியின் நம்பர், பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியிருக்கிற ஊர்ப்பெயர் எல்லாம் தெளிவாக விழுகிறது. ஆனால் பகலில் எப்படி எடுக்கிறது என்று எழுத நான் உட்காரவில்லை. தை மாதக் கடைசி முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

தருமபுரியில் ரிசப்ஷன் முடித்துக் கிளம்பும்போது மணி பத்தரை தாண்டிவிட்டது. காரில் நான், மனைவி, பின் சீட்டில் மச்சான், அவன் மடியில் தலை வைத்துத் தூங்கும் எங்கள் பெண். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் காரிமங்கலம் தாண்டியதும் முன்னால் ஒரு வெள்ளை கார். முதலில் டிரைவர் போன் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் வலது இண்டிகேட்டர் போட்டது போட்டபடியே எரிகிறது, வண்டி திரும்பவே இல்லை. நடுத் தடுப்பை ஒட்டிப் போகும், அப்புறம் மெதுவாக இடது ஓரம் வரைக்கும் வழிந்து வரும், மண் தட்டியதும் வெடுக்கென்று உள்ளே இழுக்கும். முன்னால் காலியான ரோடு, பிரேக் லைட் மட்டும் எரிந்து எரிந்து அணைகிறது. நாற்பதில் ஊர்ந்த கார் திடீரென்று எண்பதுக்குப் போகிறது, மறுபடியும் நாற்பது. பெங்களூரு போகிற ஆம்னி பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே தாண்டியது. பஸ் முழுசாகப் போன பிறகுதான் அந்தக் கார் பதறி இடது பக்கம் ஒதுங்கியது. அந்தத் தாமதத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

மச்சான் பின்னால் இருந்து, “மாமா, விடாதீங்க, ஓவர்டேக் பண்ணி முன்னாடி போய் மடக்குங்க, நான் இறங்கிச் சாவியப் புடுங்கிடறேன்” என்கிறான். இருபத்து மூணு வயசு. அவன் மேல் தப்பில்லை, நம்மில் பாதிப் பேருக்கு அந்த இடத்தில் அதுதான் தோன்றும். ஆனால் நினைத்துப் பாருங்கள், அவ்வளவு பெரிய பஸ்ஸையே தாமதமாகக் கவனிக்கிற ஆள், அவன் முன்னால் போய் நான் பிரேக் போட்டால் எதில் வந்து இடிப்பான்? பெண் தூங்குகிற பின் சீட்டில்தான். ஹாரன் அடித்தாலோ லைட்டை டிப் அடித்தாலோ பயந்து எந்தப் பக்கம் திருப்புவான் என்று யாருக்கும் தெரியாது. ராத்திரி பதினொரு மணிக்கு ஹைவேயில் காரை விட்டு இறங்கி நின்று சண்டை போடுவது அதைவிட மோசம், பின்னால் வருகிற லாரிக்கு நம் இரண்டு பேரும் தெரியப்போவதில்லை.

மனைவிதான் சொன்னாள், “ஏங்க, மொதல்ல கால எடுங்க.” எடுத்தேன். பத்து கார் நீளத்துக்கு இடைவெளி விட்டேன். கண் மறையாத தூரம், ஆனால் அவன் சடாரென்று நின்றாலும் எனக்கு நிறுத்த இடம் இருக்கிற தூரம். பின்வாங்குவதற்கு முன்னாலேயே அவள் அந்த நம்பரைச் சத்தமாகப் படித்திருந்தாள், டிஎன் 29ல் ஆரம்பித்து கடைசி எண் வரைக்கும்.

இப்போது கேமராவுக்கு வருகிறேன். ஓடிக்கொண்டிருக்கிற பதிவை அழியாமல் பூட்டி வைக்க இதில் ஒரு பட்டன் உண்டு. கார்டு நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியது பதிவாகும் என்பதால் இந்தப் பட்டன் ரொம்ப முக்கியம். ஆனால் கீழே வரிசையாக நான்கு பட்டன், நான்கும் ஒரே அளவு, ஒரே வழவழப்பு, விளக்கும் கிடையாது. இருட்டில் ரோட்டை விட்டுக் கண் எடுக்காமல் தடவி அமுக்கினேன், “டிக்” என்றது. பூட்டியாகிவிட்டது என்று நினைத்தேன். நான் அமுக்கியது மைக்கை அணைக்கிற பட்டன் என்பது வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. நல்லவேளை, நம்பரை அதற்கு முன்பே படித்தாகிவிட்டது, கார்டிலும் இடம் மிச்சம் இருந்ததால் பதிவு அழியவில்லை. அவசரத்துக்கு என்று வைத்த பட்டனை அவசரத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அது பெரிய வடிவமைப்புத் தவறு. இந்தக் கேமராவில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் இது.

மனைவி 112க்குப் போன் போட்டாள். 100க்கும் போடலாம். கேட்டது எல்லாம் நேரான கேள்விகள்: எந்த ரோடு, எந்த ஊர் தாண்டி, எந்தப் பக்கம் போகிற வண்டி, என்ன வண்டி, நிறம், நம்பர். “காரிமங்கலம் தாண்டி, கிருஷ்ணகிரி போற பக்கம்” என்றவள், ஓரத்தில் கடந்துபோன கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் படித்துச் சொன்னாள். இதைப் பழகிக்கொள்ளுங்கள். ராத்திரி ஹைவேயில் எந்த இடமும் ஒரே மாதிரிதான் இருக்கும், “ஒரு பாலம் கிட்ட” என்று சொன்னால் எத்தனை பாலம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற உதவி எண்ணும் இருக்கிறது, ரோட்டில் நின்றுபோன வண்டி, விபத்து எல்லாவற்றுக்கும் அதில் சொல்லலாம், ஆனால் ஓட்டுகிற ஆளை நிறுத்தி ஊதச் சொல்ல போலீஸ்தான் வரவேண்டும் என்பதால் 112தான் முதலில். போனை வைக்கும் முன் அந்தப் பக்கம் இருந்தவர், “பின்னாடியே போகாதீங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்” என்றார்.

தனியாக ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. ஓட்டிக்கொண்டே போன் பேசாதீர்கள், ஓரத்தில் இருட்டில் நிறுத்தியும் பேசாதீர்கள். வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க், ஹோட்டல், சுங்கச்சாவடி, இப்படி ஏதாவது ஒன்றில் நுழைந்து நின்று போடுங்கள். இரண்டு நிமிடம் தாமதமானாலும் நம்பர் கையில் இருந்தால் போதும்.

நாங்களும் ஒரு பங்க்கில் நுழைந்து பத்து நிமிடம் நின்றோம். மச்சானுக்கு மனசு ஆறவில்லை. “அதுக்குள்ள யாரையாவது இடிச்சிட்டா?” என்றான். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கிளம்பி, காவேரிப்பட்டணம் தென்பெண்ணைப் பாலத்துக்கு முன்னால் வரும்போது ரோந்து வண்டியின் நீல விளக்கு தெரிந்தது. அந்த வெள்ளை கார் ஓரமாக நிற்கிறது. ஒருவர் கீழே உட்கார்ந்து தலையில் கை வைத்திருக்கிறார், போலீஸ்காரர் ஊதுகிற கருவியோடு குனிந்திருக்கிறார். நாங்கள் நிறுத்தவில்லை. எங்கள் வேலை பங்க்கிலேயே முடிந்துவிட்டது.

மறுநாள் ஸ்டேஷனில் இருந்து போன் வந்தது, வீடியோ இருந்தால் கொடுக்க முடியுமா என்று. ஆப் வழியாக எடுக்கப் பார்த்தேன். மூன்று நிமிடத்துக்கு ஒரு ஃபைல், ஒவ்வொன்றும் நானூறு எம்பி பக்கம், வைஃபை நடுவில் அறுந்து அறுந்து போனது, கடைசியில் கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டுத்தான் எடுத்தேன். பெரிய திரையில் பார்த்தால், கார் தள்ளாடுவது அச்சாகத் தெரிகிறது, கோட்டின் மேல் ஏறுவது, பஸ் தாண்டும்போது விலகாதது எல்லாம். நம்பர் பிளேட் மட்டும் இல்லை. என் ஹெட்லைட் வெளிச்சம் பட்டு அந்த இடம் வெறும் வெள்ளைத் தீற்றலாக இருக்கிறது, ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்தும் ஒரு எண் கூடப் படிக்க முடியவில்லை. ஆனால் அதே நொடியில் ஒலியில் மனைவியின் குரல், ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாக. இரவில் இந்தக் கேமரா செய்யாத வேலையை அவள் குரல் செய்திருக்கிறது. அதனால் மைக்கை எப்போதும் போட்டே வைத்திருங்கள், பார்த்த நம்பரை வாய்விட்டுப் படியுங்கள்.

இன்னொன்றும் புரிந்துகொள்ள வேண்டும். குடித்திருந்தார் என்பதை எந்த டேஷ்கேமும் நிரூபிக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் குற்றம், அதை ஊதும் கருவியிலோ ரத்தப் பரிசோதனையிலோதான் கண்டுபிடிக்க முடியும். நேரம் ஆக ஆக அளவு இறங்கிக்கொண்டே போகும். ஆக, நாளைக்கு வீடியோவைக் கொண்டுபோய்க் கொடுப்பதைவிட இன்றைக்கு இந்த நிமிடம் போன் போடுவதுதான் பெரிய உதவி. “ஃபைன் போட்டு விட்டுடுவாங்க, மாமா” என்றான் மச்சான். 2019 திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்த்தும் கிடைக்கலாம், மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டு வருடம் வரை சிறை, இல்லை இரண்டுமே. சின்ன விஷயம் கிடையாது.

அவனுக்கு அந்த வீடியோவை ஸ்டேட்டஸில் வைக்க வேண்டும் என்று ஆசை. கூடாது என்று சொல்லிவிட்டேன். காரணம் எங்கள் சித்தப்பா. சில வருடம் முன்னால் பைக்கில் வரும்போது சர்க்கரை இறங்கி, கண் இருட்டி, ரோட்டின் குறுக்கே வண்டியை விட்டு, வாய் குழறி உட்கார்ந்திருக்கிறார். கூடியவர்கள் காலையிலேயே குடித்திருக்கிறான் என்று கை ஓங்கினார்களாம். ஒரு வயசான அம்மா வந்து மோந்து பார்த்துவிட்டு, வாடையே இல்லையே என்று சொல்லிக் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். தள்ளாடுகிற வண்டியில் இருப்பவருக்கு சர்க்கரை இறங்கியிருக்கலாம், பக்கவாதம் வந்திருக்கலாம், இரண்டு நாள் தூங்காத லாரி டிரைவராக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் நாம் செய்ய வேண்டியது ஒன்றேதான், விலகு, நம்பரைப் பிடி, இடத்தைச் சொல். போனிலும் “குடிச்சிருக்கான்” என்று அடித்துச் சொல்லாமல், பார்த்ததைச் சொன்னால் போதும். வண்டி எங்காவது தானாக நின்றுவிட்டால் 108ம் தேவைப்படலாம்.

எதிரே வருகிற வண்டி தள்ளாடினால் கேமரா எதற்கும் உதவாது, நேரமும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒகேனக்கல்லில் இருந்து பென்னாகரம் வழியாகத் திரும்பியவர்களுக்கு இது தெரியும், வளைவில் எதிரே ஒரு வண்டி நம் பாதிக்குள் வரும். வேகத்தைக் குறைத்து இடது ஓரம் ஒதுங்கி நின்றே விடுங்கள், அவர் போன பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

மற்றபடி கேமரா உழைக்கிறது. உள்ளே பேட்டரிக்குப் பதிலாக சூப்பர் கெப்பாசிட்டர் (சூட்டைத் தாங்குகிற மின்தேக்கி) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் பேட்டரி உப்பிவிடும். கார்டு, தொடர்ந்து எழுதுவதற்கென்றே வருகிற ஹை எண்டூரன்ஸ் வகையாக இருக்க வேண்டும், நான் 64 ஜிபி போட்டிருக்கிறேன், எட்டு மணி நேரம் பக்கம் தாங்குகிறது, மாதம் ஒரு முறை ஃபார்மட் செய்கிறேன். மாட்டிக்கொடுத்த பையன் வயரைக் கூரை ஓரமாக உள்ளே தள்ளி, பக்கத் தூணில் ஏர்பேக்குக்குப் பின்னால் போகிறமாதிரி இறக்கினான். நிதானமாகச் செய்தான், நல்ல வேலை. இதை எல்லோரும் செய்வதில்லை, பக்கத்தில் நின்று பாருங்கள். ஜிபிஎஸ் உள்ளது கூட ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ஆகும், இப்போது வாங்குவதாக இருந்தால் அதைத்தான் எடுப்பேன், இடமும் நேரமும் வீடியோவிலேயே விழுந்துவிடும்.

அந்தப் பட்டன் தகராறுக்கு மனைவி வழி கண்டுபிடித்துவிட்டாள். கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்துப் பூட்டுகிற பட்டன் மேல் ஒட்டினாள். ஒரு மாதமாகிறது, உதிரவில்லை, இருட்டில் விரல் நேராக அதன் மேல்தான் போய் நிற்கிறது.