சென்னை – பலாலி: பறந்தது ஒன்றேகால் மணி
சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் சுமார் 360 கிலோமீட்டர்தான், மதுரையைவிடக் கிட்ட. ஆனாலும் முன்பெல்லாம் கொழும்பில் இறங்கி, இன்னும் 400 கிலோமீட்டர் இரவு பஸ்ஸில் போவேன். அம்மம்மா வீட்டுப் படலையைத் திறக்கும்போது இடுப்பு கழன்றிருக்கும்.

இப்போது யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கே நேராக, ஏடிஆர் என்ற சின்ன விசிறி விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். விசிறி இரைச்சல் காதை அடைக்கும். பின்பக்க இருக்கை கேளுங்கள், கொஞ்சம் பரவாயில்லை. ஜன்னலோரம் என்றால் இன்னும் நல்லது: கடல் முடிந்ததும் பனைமரங்கள், அப்புறம் பலாலியின் செம்மண் தோட்டங்கள்.

ஒரே மனக்குறை, பெட்டி எடையில் கறார். கூடுதலாக இருந்த 2 கிலோவுக்குப் பணம் கட்ட மனமில்லை. கவுண்டர் முன்னாலேயே பெட்டியைத் திறந்து, மாமிக்கு வாங்கிய சேலைகளைத் தோள்பையில் திணித்தேன். வரிசையே வேடிக்கை பார்த்தது.