நாடு என்ன சாப்பிடுகிறது? நான்கு ஆய்வுகள், நான்கு விதமான விடை

இந்தியாவில் சின்னக் குழந்தைகளில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு ரத்தசோகை? 2015-16ல் நடந்த நான்காவது தேசிய குடும்ப நல ஆய்வு 58.6 என்கிறது. 2016-18ல் எடுத்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு 41 என்கிறது. இரண்டுமே மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுகள். இடையில் அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. ரத்தம் எடுத்த விதம் மாறியது.

குடும்ப நல ஆய்வில் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டை வீட்டிலேயே கையடக்கக் கருவியில் பார்த்துவிடுவார்கள். மற்றதில் நரம்பில் ஊசி ஏற்றி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அழும் குழந்தையின் விரலைப் பிழிந்தால் திசுநீரும் சேர்ந்து வரும். ரத்தம் நீர்த்து, ஹீமோகுளோபின் குறைவாகத் தெரியலாம். வயது வரம்பும் கொஞ்சம் வேறு: முதலாவதில் 6 மாதத்திலிருந்து, இரண்டாவதில் 1 வயதிலிருந்து. ரத்தம் பற்றிய கேள்விக்கு என் ஓட்டு ஊட்டச்சத்து ஆய்வுக்குத்தான். ஆனால் அது ஒரே ஒருமுறை நடந்தது, 19 வயதோடு நின்றுவிட்டது, உங்கள் மாவட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

மாவட்டம் வேண்டும் என்றால் குடும்ப நல ஆய்வுதான். 2019-21ல் நடந்த ஐந்தாவது சுற்றில் 707 மாவட்டங்கள், சுமார் 6.37 லட்சம் வீடுகள். உயரம், எடை விஷயத்தில் இதை நம்பலாம். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 2005-06ல் 48 சதவீதம், பிறகு 38.4, பிறகு 35.5. ஊட்டச்சத்து ஆய்வு சொன்ன 34.7ம் அந்தப் பக்கத்திலேயே வந்து உட்காருகிறது. ரத்தத்தில் முட்டிக்கொண்ட இருவரும் அளவுப்பலகையில் ஏறக்குறைய ஒத்துப்போகிறார்கள்.

ஆனால் சாப்பாடு என்று வந்தால் குடும்ப நல ஆய்வு கோட்டை விடுகிறது. பெரியவர்களிடம் பருப்பு, பால், முட்டை, மீன் எல்லாம் தினமுமா, வாரம் ஒருமுறையா, எப்போதாவதா என்று மட்டும் கேட்பார்கள். எவ்வளவு என்ற கேள்வி கிடையாது. பருப்பைத் தேட வேண்டிய தண்ணிச் சாம்பாரும், நெய் ஊற்றிய கெட்டிப் பருப்பும் ‘தினமும்’ என்ற ஒரே கட்டத்தில் விழும்.

எவ்வளவு என்று கேட்பது தேசிய மாதிரி ஆய்வு அலுவலகத்தின் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு. அரிசி எத்தனை கிலோ, எண்ணெய் எவ்வளவு, என்ன விலை என்று எல்லாம் இருக்கும். கிராமத்து மனிதரின் தினசரி கலோரி 1983ல் 2221ஆக இருந்து 2009-10ல் 2020ஆகக் குறைந்தது என்று பொருளாதார நிபுணர்களை மண்டையைக் குடைய வைத்தது இதுதான். குறை என்னவென்றால், கணக்கு வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. மொத்தத்தைத் தலைக்கு வகுத்துவிட்டால், கடைசியாகச் சாப்பிட உட்காரும் அம்மாவும் முதல் பந்தியில் உட்காரும் மகனும் ஒன்றாகிவிடுவார்கள். உயரம், எடையும் கிடையாது. போதாததற்கு 2017-18 சுற்றின் முடிவுகளைத் தரம் சரியில்லை என்று அரசு வெளியிடவே இல்லை. 2022-23ல் மூன்று தடவை வீட்டுக்குப் போய்க் கேட்கும் புது முறை வந்ததால், பழையதோடு நேராக வைத்துப் பார்க்கவும் முடியாது.

எனக்குப் பிடித்தது மூடப்பட்ட ஒன்று. 1972ல் தொடங்கி, ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திலிருந்து இயங்கிய தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு. அதன் ஆட்கள் அளவுக் கிண்ணங்களோடு அடுப்படிவரை போவார்கள். நேற்று எவ்வளவு அரிசி போட்டீர்கள், வெந்தபின் எத்தனை கிண்ணம் வந்தது, அதில் யார் எத்தனை கிண்ணம் சாப்பிட்டார்கள் என்று கேட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்கிடுவார்கள். அப்புறம் எடையும் உயரமும் பார்ப்பார்கள். தட்டில் விழுந்ததும் உடம்பில் ஒட்டியதும் ஒரே தாளில் இருக்கும். மெதுவான வேலைதான். சுமார் பத்து மாநிலங்களில்தான் நடந்தது. தமிழ்நாடு உண்டு, பீகார் இல்லை. ஒரே நாள் சாப்பாட்டை வைத்துச் சொல்வதால், முந்தின நாள் விசேஷமாக இருந்தால் கணக்கு கெடும். அப்படியும் மற்ற எதிலும் கிடைக்காத விடை இதில் கிடைத்தது. 2015ல் மூடிவிட்டார்கள்.

இப்போது அதே ஐதராபாத் நிறுவனத்திடம் உணவையும் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் புதிய ஆய்வு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். இதில் ஊசி நரம்பில்தான். ஆறாவது குடும்ப நல ஆய்விலிருந்து ரத்தசோகைப் பரிசோதனையை எடுத்துவிட்டார்கள். அளவு துல்லியமாகும், சரி. ஆனால் 1998-99லிருந்து ஒரே மாதிரி விரலைக் குத்தி எடுத்த தொடர் அங்கே அறுந்துவிட்டது. பிழையோடு இருந்தாலும், கூடியதா குறைந்ததா என்று பார்க்க நம்மிடம் இருந்தது அது ஒன்றுதான்.