எலிசபெத் லைன்: நடுவில் சமதளம், ஓரங்களில் சாய்பலகை

லண்டனின் நடுப்பகுதிக்குள் ரயில் பாதைகளை அனுமதிக்கக் கூடாது என்று 1846ஆம் ஆண்டில் ஓர் அரச ஆணையம் பரிந்துரைத்தது. பெரிய முனையங்கள் பலவும் நகரைச் சுற்றி வளையம்போல நின்றுபோனதற்கு அது ஒரு முக்கியக் காரணம். மேற்கிலிருந்து வருபவர் பேடிங்டனிலும், கிழக்கே இல்ஃபோர்ட், மேனர் பார்க் பக்கமிருந்து வருபவர் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலும் இறங்கி, படியேறிப் படியிறங்கிப் பாதாள ரயிலுக்கு மாறுவது தலைமுறைகளாகத் தொடர்ந்தது. 2022 மே 24 அன்று திறக்கப்பட்ட எலிசபெத் லைன் என்ற ரயில் தடம் இரு பக்கப் பாதைகளையும் நகரின் அடியில் 21 கிலோமீட்டர் இரட்டைச் சுரங்கத்தால் இணைத்திருக்கிறது.

இந்தச் சேவையின் சிறப்பு வேகம் என்றே பலரும் சொல்கிறார்கள். என் பார்வையில் அதைவிடப் பெரியது ஏறுவதிலும் இறங்குவதிலும் உள்ள எளிமை. பேடிங்டன் முதல் கிழக்கே வுல்விச் வரை, தெருவிலிருந்து ரயில் பெட்டிக்குள் செல்லும் வரை எங்கும் ஒரு படிகூட இல்லை. நடைமேடையும் பெட்டியின் தரையும் ஒரே மட்டத்தில் உள்ளன. சக்கர நாற்காலியில் வருபவரும், குழந்தை வண்டியைத் தள்ளி வருபவரும், முழங்கால் வலியோடு வரும் முதியவரும் யாருடைய உதவியையும் எதிர்பார்க்காமல் ஏறிவிடலாம். ஃபாரிங்டனிலும் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலும் நகரும் படிக்கட்டின் பக்கத்திலேயே சாய்வாக ஏறி இறங்கும் மின்தூக்கியை அமைத்திருப்பதைத் தனியாகப் பாராட்ட வேண்டும். மற்ற இடங்களில் மின்தூக்கியைத் தேடி ஏதோ ஒரு மூலைக்குப் போக வேண்டியிருக்கும். இங்கே எல்லோரும் போகும் வழியே மின்தூக்கி தேவைப்படுபவர்களுக்கும் வழி.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டியின் நீளம் 200 மீட்டருக்கும் மேல். நடைமேடை அதைவிட நீளம். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் நடைமேடையின் ஒரு முனையிலிருந்து மேலே ஏறிவந்தால் பக்கத்து நிலையமான மூர்கேட்டில் வெளியே வருவீர்கள். எந்தப் பெட்டியில் ஏறுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் நடக்க வேண்டிய தூரம் கூடும் அல்லது குறையும்.

குறைகள் சுரங்கத்துக்கு வெளியே தொடங்குகின்றன. தடத்திலுள்ள 41 நிலையங்களிலும் தெருவிலிருந்து நடைமேடை வரை படியில்லாத வழி உண்டு. ஆனால் பழைய பாதைகளில் உள்ள நிலையங்களில் நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையே இடைவெளியும் உயர வேறுபாடும் இருப்பதால், சக்கர நாற்காலிக்குப் பணியாளர் வந்து சாய்பலகை போட வேண்டும். இதற்கு முன்பதிவு தேவையில்லை, முதல் வண்டி முதல் கடைசி வண்டி வரை பணியாளர்கள் இருப்பார்கள் என்பது நல்ல ஏற்பாடுதான். இருந்தாலும் ஏறும் இடத்தில் மட்டுமன்றி இறங்கும் இடத்திலும் ஒருவர் பலகையோடு காத்திருக்க வேண்டும் என்றால், நகரின் நடுவே டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலையத்தில் கிடைத்த சுதந்திரம் இல்ஃபோர்டில் முடிந்துவிடுகிறது. பழைய பாதையில் சரக்கு வண்டிகளும் விரைவு வண்டிகளும் ஓடுவதால் நடைமேடையை உயர்த்துவது எளிதல்ல என்பது உண்மை. ஆனால் இணைப்பைத் திட்டமிடும்போதே விடை தேடியிருக்க வேண்டிய கேள்வி அது.

பாதையைப் பகிர்வதற்கு வேறொரு விலையும் உண்டு. நெரிசல் நேரத்தில் சுரங்கத்தில் மணிக்கு 24 வண்டிகள் ஓடுகின்றன. பேடிங்டனுக்கு மேற்கே ஏதேனும் பழுது ஏற்பட்டால் அதன் தாமதம் கிழக்கு முனை வரை வந்து சேர்கிறது. ஒரே வண்டி மூன்று வகைச் சமிக்ஞை முறைகளுக்கு மாறி மாறி இயங்க வேண்டியிருப்பது இதன் தொழில்நுட்பச் சிக்கல். 2018 டிசம்பரில் திறக்க வேண்டிய தடம் மூன்றரை ஆண்டுகள் தள்ளிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெட்டிகள் அகலமானவை, குளிரூட்டப்பட்டவை, முதலிலிருந்து கடைசி வரை நடந்து செல்லும்படி திறந்தவை. ஆனால் கழிப்பறை இல்லை. மேற்கு முனையான ரெடிங்கிலிருந்து தென்கிழக்கு முனையான ஏபி வுட் வரை ஒரு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டியை நகர மெட்ரோவாகவே கருதி வடிவமைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் புறப்படும் முன்பே நிலையத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. மேற்கே ஸ்லவ், ரெடிங் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: லண்டன் போக்குவரத்துக்கான கட்டண அட்டையான ஆய்ஸ்டர் அட்டை இந்தப் பக்கத்தில் வெஸ்ட் டிரேட்டன் நிலையம் வரைதான் செல்லும், அதற்கு அப்பால் வங்கி அட்டையையோ தனிப் பயணச்சீட்டையோ பயன்படுத்த வேண்டும்.